சிறுவயதுக் காட்சி காரணமா, சாட்சியமா? தொடர்களின் ஃப்ளாஷ்பேக்கும் ஒரு நெடுநாள் வழக்கும்

அறிவியல் புனைவுத் தொடரானாலும் மர்மத் தொடரானாலும், கதை ஓரளவு சூடுபிடித்ததும் ஒரு சிறுவனோ சிறுமியோ திரையில் வந்து நிற்பது இன்று ஏறக்குறைய மரபாகிவிட்டது. காட்சியின் நிறம் சற்று மங்கும். ஒரு பழைய வீடு, ஒரு மூடிய கதவு, பெரியவர்களின் உரத்த குரல். அதுவரை புரியாமல் இருந்த நாயகனின் அச்சத்துக்கோ வன்மத்துக்கோ அங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. பார்த்தவர்கள் மறுநாள் பேசும்போது இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். “இப்போதுதான் அவனைப் புரிகிறது” என்பது ஓர் அணி. “இத்தனை வாரம் கட்டிய மர்மத்தை ஒரே காட்சியில் கரைத்துவிட்டார்களே” என்பது மற்றது.

ரசனை வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒரு மனிதர் இன்று நடந்துகொள்ளும் விதத்துக்கு அவருடைய குழந்தைப் பருவம் போதுமான விளக்கமாகுமா? தொலைக்காட்சி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே காப்பியங்கள் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. பின்னர் உளப்பகுப்பாய்வும் நினைவாற்றல் ஆய்வும் சொல்லின. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதையில், அடி அண்ணாமலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து வழங்கும் மரபுகள் இரண்டு விடைகளைத் தருகின்றன. இவற்றை ஒரு வரிசையில் வைத்து, ஒவ்வொன்றும் எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூனியின் முதுகில் பட்ட உண்டை

தமிழில் மிகப் பெயர்பெற்ற ‘சிறுவயது ஃப்ளாஷ்பேக்’ கம்பராமாயணத்தில் இருக்கிறது. இராமனுக்கு முடிசூட்டு விழா என்ற செய்தி அயோத்தியில் பரவுகிறது. மந்தரை என்னும் கூனி கொதிக்கிறாள். ஏன்? சிறுவனாக இருந்தபோது இராமன் விளையாட்டாக எய்த மண்ணுண்டை அவள் கூன்மேல் பட்டது. அதை அவள் மறக்கவில்லை. வான்மீகியில் இக்காரணம் கிடையாது. அங்கே மந்தரையின் பகைக்கு முன்கதை தேவைப்படவே இல்லை. ஆழ்வார் பாசுரங்களில் இந்த உண்டை நிகழ்ச்சி ஏற்கெனவே பேசப்படுகிறது. அதை எடுத்துப் பகைக்கு வித்தாக ஊன்றியவன் கம்பன்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஒரே காரணத்தோடு கம்பன் நிறுத்திக்கொள்ளவில்லை. கைகேயியின் தூய மனம் திரிந்ததற்கு அவன் தேவர்களின் மாயையையும் அரக்கர் செய்த பாவத்தையும் சேர்த்தே சொல்கிறான். ஆக, ஒரு குழந்தையின் விளையாட்டு, ஒரு பணிப்பெண்ணின் நெடுநாள் வலி, வானுலகத்தின் திட்டம் ஆகிய மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. எது முதன்மை என்று கவி தீர்ப்புச் சொல்வதில்லை. கூனியா, கைகேயியா, தசரதனா, விதியா என்று பட்டிமன்ற மேடைகளில் இன்றுவரை வழக்கு நடப்பதற்கு இடம் கிடைத்ததே அதனால்தான். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும் அதன் வழியில் பிற ஊர்களில் எழுந்த கழகங்களும் வளர்த்த விவாதப் பழக்கத்தை, இன்று தொடர் பார்ப்பவர்கள் நடத்தும் விவாதத்தின் மூத்த தலைமுறை என்றே கொள்ளலாம். கதைமாந்தரின் குற்றத்தை யார் தலையில் வைப்பது என்று பொதுவில் வாதாடும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் வெளிப்படை. ஓர் உண்டை பட்ட வலி, பதினான்கு ஆண்டு வனவாசத்தைத் தாங்குமா? விளைவுக்கும் காரணத்துக்கும் இடையே உள்ள இந்த அளவு வேறுபாடு பின்னால் வந்த எல்லாச் சிறுவயதுக் காட்சிகளையும் விடாமல் தொடர்கிறது.

குழந்தைப் பருவத்துக்கும் முன்னால்

இன்னொரு பழைய விடை, குழந்தைப் பருவத்தோடு நின்றால் போதாது, அதற்கும் முன்னால் போக வேண்டும் என்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரில் அவன் பிறந்திருந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழிகூறிக் கொல்லச் செய்தான். சங்கமனின் மனைவி நீலியின் சாபம் இப்பிறப்பில் பலித்தது. பொய்க் குற்றச்சாட்டால் ஒருவனைக் கொன்றவன், பொய்க் குற்றச்சாட்டாலேயே கொல்லப்பட்டான். கணக்குத் துல்லியமாக நேராகிறது. நேராகும் அந்த இடத்தில்தான் சங்கடமும் பிறக்கிறது. ஆராயாமல் தீர்ப்பளித்த அரசனின் பிழை இதனால் குறைகிறதா? கண்ணகியின் சினத்துக்கு இனி என்ன பொருள்? முன்கதை விளக்கமாகும்போது, நிகழ்காலத்துக் குற்றவாளி தப்பிவிடக்கூடும்.

மணிமேகலை இதே கருவியை வேறு விதமாகக் கையாள்கிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழும் மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது. தன்னைத் தொடரும் உதயகுமரன் முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்று அறிகிறாள். அறிந்தும் அவனிடம் திரும்பிப் போகவில்லை. பழைய பிணைப்பைப் புரிந்துகொண்டதால் அதைக் கடக்கும் தெளிவைப் பெறுகிறாள். சிலம்பில் கதையை மூடிய முன்கதை மேகலையில் அதைத் திறக்கிறது. இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் சேர்த்துச் சொல்லும் இரண்டுக்குள்ளும் இந்த வேறுபாடு இருப்பது, இப்பொருளில் எழுதுவோர் போதிய அளவு கவனிக்காத ஒன்று என்று தோன்றுகிறது.

அடி அண்ணாமலை இவ்விடத்தில்தான் வருகிறது. அண்ணாமலையார் கோயில் மலையின் கிழக்கடியில். ஏறத்தாழ அதற்கு நேர் மறுபுறத்தில், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில், ஆதி அண்ணாமலையார் கோயில் கொண்ட இச்சிற்றூர். இங்கே மாணிக்கவாசகருக்கும் கோயில் உண்டு. திருவெம்பாவை இவ்விடத்தில் பாடப்பட்டது என்பது மரபு நம்பிக்கை. அதே திருவாசகத்தின் தொடக்கமான சிவபுராணத்தில், புல்லில் தொடங்கி மனிதர், தேவர்வரை தாம் எடுத்த பிறவிகளையெல்லாம் அடுக்கிச் சொல்லி இளைத்துப்போனதாக அவர் கூறுகிறார். ஒரு மனிதப் பிறவியின் சிறுவயது அந்த நெடிய வரிசையில் ஒரு புள்ளிகூட ஆகாது. பௌர்ணமிதோறும் இவ்வூர் வழியே நடந்துபோகும் பெருங்கூட்டத்தில் பலருக்கும், துன்பத்துக்கு வினை என்ற விளக்கம் இன்றும் உயிருள்ள விளக்கம். தமிழ்த் தொடர் பார்ப்போர் குழந்தைப் பருவக் காட்சியை எதிர்கொள்ளும்போது இந்த விளக்கமும் மனத்தின் ஒரு மூலையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மேலைநாட்டுக் கோட்பாடுகளை மட்டும் வைத்து அவர்களை அளக்க முடியாது.

வியன்னாவிலிருந்து கோடம்பாக்கத்துக்கு

சிறுவயதை மையத்தில் கொண்டுவந்து வைத்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். 1896-இல் அவர், மனநோயின் வேர் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பாலியல் வன்கொடுமையில் இருக்கிறது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே அந்தக் கொள்கையின்மீது ஐயம் கொண்டார். 1899-இல், நமக்கு நினைவிருக்கும் குழந்தைப் பருவக் காட்சிகளில் சில வேறெதையோ மறைக்கும் திரைகளாக இருக்கலாம் என்றும் எழுதினார். பரவலாக அறியப்பட்ட ஃபிராய்ட், குழந்தைப் பருவத்தில் காரணத்தைக் கண்டவர். அந்தக் காரணத்தை நம்பலாமா என்று தயங்கிய ஃபிராய்ட் அவ்வளவாக அறியப்படவில்லை. சினிமாவுக்கு வந்து சேர்ந்ததும் முதலாமவர்தான்.

இந்தியாவில் இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ். 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இந்திய நோயாளிகளின் அச்சங்களும் ஆசைகளும் ஐரோப்பியர்களுடையவற்றைப் போலவே அமைவதில்லை என்று ஃபிராய்டிடமே மறுத்து எழுதினார். குழந்தைப் பருவம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்ற இந்த எச்சரிக்கை திரைக்கதைகளை எட்டவில்லை.

தமிழ்ப் படங்களைப் பாருங்கள். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980), கமல்ஹாசன் எழுதி நடித்த ‘ஆளவந்தான்’ (2001), ஷங்கரின் ‘அந்நியன்’ (2005). நான்கிலும் கொலை செய்யும் கைக்குப் பின்னால் ஒரு சிறுவன் நிற்கிறான். இவற்றுள் ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘ஆளவந்தான்’ இரண்டிலும் அச்சிறுவனின் காயத்துக்குக் காரணம் ஒரு பெண். ஒன்றில் வீண்பழி சுமத்துபவள், இன்னொன்றில் கொடுமைக்காரச் சிற்றன்னை. கொல்லப்படுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். விளக்கம் என்ற பெயரில் பழி இடம் மாறுகிறது என்ற குற்றச்சாட்டை இந்த வகைப் படங்கள்மீது வைப்பது நியாயமே. ‘அந்நியன்’ இதிலிருந்து விலகுகிறது. அங்கே மழைநீரில் அறுந்து கிடந்த மின்கம்பியால் தங்கை சாகிறாள். காயத்தின் காரணம் பொதுப் பொறுப்பின்மை. சிறுவயதுக் காட்சி குடும்பத்தை விட்டு வெளியே வந்து சமூகத்தைச் சுட்டுகிறது. ஆனாலும் அடிப்படைச் சமன்பாடு மாறவில்லை: ஒரு நாள், ஒரு நிகழ்ச்சி, ஒரு கொலைகாரன்.

அறிவியல் அந்தச் சமன்பாட்டை அப்படியே ஏற்பதில்லை. 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்து நோய்களின் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. வாய்ப்பு என்பதுதான் இங்கே முக்கியம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்து நிமிர்ந்ததைப் பதிவுசெய்தார். திரைக்கதைகள் மீதி இரண்டு பங்கை மட்டுமே பார்க்கின்றன. அந்த ஒரு பங்கினரின் சிறுவயதைக் காட்டும் தொடர் அரிது.

விடாது கருப்பு: இரண்டு விளக்கங்கள் ஒரே வீட்டில்

இக்கேள்விக்குத் தமிழ்த் தொலைக்காட்சி தந்த மிகச் செறிவான பதில் ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை அடிப்படையாகக் கொண்டு, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கினார். 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பானது. இதைச் சுத்தமான அறிவியல் புனைவு என்று வகைப்படுத்த முடியாது. ஆனால் அறிவியல் விளக்கத்தையும் தெய்வ விளக்கத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, பார்ப்பவரைத் துப்பறிய வைத்ததில், அந்த வகைக்கு நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய உறவு அதுதான்.

ஊர்க் காவல் தெய்வமான கருப்பசாமி தப்பு செய்தவர்களை விடமாட்டார் என்று நம்பும் கிராமம். அங்கே நிகழும் மர்மச் சாவுகள். சிறுவயதில் அந்த ஊரை விட்டுப் போய், வளர்ந்த பிறகும் அதன் நினைவுக்கு அஞ்சும் இராஜேந்திரன். அவனைப் புரிந்துகொள்ள முயலும் மருத்துவம் படித்தவர்கள். சிறுவன் இராஜேந்திரனின் காலமும் வளர்ந்தவனின் காலமும் மாறி மாறி வருகின்றன. இங்கே சிறுவயதுக் காட்சி கடைசியில் கொண்டுவந்து சேர்க்கும் விளக்கமாக வரவில்லை. கதையின் பாதியே அதுதான். பார்ப்பவர் இரண்டு காலத்தையும் ஒரே நேரத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம்வரை காத்திருக்கும் இடைவெளியில் வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊகங்கள் ஓடின.

முடிவை இங்கே அவிழ்க்கத் தேவையில்லை. பிளவாளுமை என்ற மருத்துவ விளக்கத்தை நோக்கித் தொடர் நகர்கிறது என்பது மட்டும் போதும். இந்த விளக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1973-இல் வெளிவந்த ‘சிபில்’ என்ற நூலும், அதை ஒட்டிச் சாலி ஃபீல்ட் நடித்த 1976-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படமும், சிறுவயதுக் கொடுமையால் ஆளுமை பலவாகப் பிளவுபடும் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பின. அந்தக் கதையின் உண்மைத்தன்மை பின்னர் கடும் ஐயத்துக்கு உள்ளானது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1994-இல் நோயின் பெயரையே மாற்றியது. அதிர்ச்சியே காரணம் என்போரும், மருத்துவர் தரும் குறிப்புகளும் ஊடகக் கதைகளும் நோயின் வடிவத்தை உருவாக்குகின்றன என்போரும் இன்றுவரை உடன்படவில்லை. இந்திய மருத்துவமனைகளில் இத்தகைய துன்பம் பலமுறை சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ தான் வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்குத் தனி இடம் உண்டு.

அப்படியானால் கருப்பசாமி ‘வெறும்’ நோயா? இங்கே இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவின் சிந்தனை பெரிதும் உதவுகிறது. கதிர்காமத்தில் சடைமுடி தரித்த பக்தர்களோடு பேசி அவர் 1981-இல் எழுதிய நூல், தனிமனிதரின் ஆழமான காயமும் ஊர் முழுக்க அறிந்த தெய்வக் குறியீடும் எப்படி ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன என்பதை விளக்குகிறது. காயம் தனிப்பட்டது, அதைப் பேச மொழி தருவது பண்பாடு. சடை அந்தரங்க வலியின் அடையாளமாகவும் கடவுளின் கொடையாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறது. இதை ‘விடாது கருப்பு’க்குப் பொருத்திப் பார்த்தால், மருத்துவ விளக்கம் கருப்பசாமியை ஏன் முழுவதும் வெளியேற்றுவதில்லை என்பது புரியும். ஒரு சிறுவனின் அச்சத்துக்கு முகம் கொடுத்தது ஊர்ச் சாமி. ஊர் நீதி தவறிய இடத்தில் நீதி கேட்கும் முகமும் அதுதான். அந்த முகம் இல்லாமல் அவன் மனம் பிளந்திருந்தால், அது வேறு கதையாகியிருக்கும்.

என் கணிப்பில், இத்தொடர் நீடித்து நிற்பதற்கு அச்சமூட்டும் காட்சிகளைவிட இந்த இரட்டை விளக்கமே பெரிய காரணம். ஒபேசேகரவின் அணுகுமுறைக்கும் ஒரு குறை சொல்லலாம்: குறியீடு எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும், பொருந்தாத இடத்தைக் காட்டுவது கடினம். எதையும் மறுக்க முடியாத விளக்கத்தை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

நினைவே தவறினால்

மேலே கண்ட நிலைப்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் ஊகம் உண்டு: திரையில் காட்டப்படும் சிறுவயது உண்மையில் அப்படியே நடந்தது. நினைவாற்றல் ஆய்வு அந்த ஊகத்தையே அசைக்கிறது. 1932-இல் கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் பார்ட்லெட், நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல் என்று காட்டினார். 1995-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத நிகழ்ச்சி ஒன்றைக் குடும்பத்தினர் சொன்னதாகக் கூறினர். ஏறத்தாழ நாலில் ஒருவர் அதை முழுவதுமாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தனர். மிகச் சிறிய ஆய்வு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவக்கூடாது என்ற மறுப்பும் உண்டு. உண்மையில் கொடுமைக்கு ஆளானவர்களின் வாக்குமூலத்தை ஐயப்பட இது கருவியாகிவிடும் என்ற கவலை இன்னும் கனமானது. அந்தக் கவலையை ஒதுக்கிவிட்டு இவ்வாய்வைப் பேசுவது பொறுப்பாகாது.

அறிவியல் புனைவு இத்துறையை ஆவலோடு எடுத்துக்கொண்டது. ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்தில் ரேச்சல் தன் சொந்தம் என்று நம்பும் சிறுவயது நினைவுகள் வேறொரு பெண்ணுடையவை. அவள் மூளையில் பதிக்கப்பட்டவை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பருவம் (2022) இதைத் திரைக்கதை நுட்பமாகவே மாற்றியது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த லெவன் என்ற சிறுமி, பிணங்களின் நடுவே இரத்தத்தோடு நிற்கும் காட்சியை முதலில் காட்டுகிறார்கள். அவளே கொன்றாள் என்று பார்ப்பவர் நினைக்கிறார். அவளும் அப்படித்தான் அஞ்சுகிறாள். நினைவு முழுதாக மீண்டபின் கொன்றவன் வேறொருவன் என்று தெரிகிறது. காட்சி பொய்யில்லை. அதை நாம் படித்த விதம் பிழை.

இதைவிட நுண்ணியது ‘லாஸ்ட்’ (2004–2010) தொடரின் சாயர். தீவில் மாட்டிக்கொண்ட அவன் எப்போதும் ஒரு பழைய கடிதத்தை வைத்திருக்கிறான். ஒரு மோசடிக்காரனால் பெற்றோரை இழந்த குழந்தை எழுதியது அது. மோசடி செய்யும் அவனுக்கு யாரோ ஒரு குழந்தை எழுதியிருக்கிறது என்று, உடன் மாட்டிக்கொண்ட கேட் எண்ணுகிறாள். பிறகுதான் தெரிகிறது, எழுதிய குழந்தையே அவன். தன் குடும்பத்தை அழித்தவனின் பெயரையே சூடிக்கொண்டு, அவன் தொழிலையே செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய சிறுவயது அவனை மன்னித்துவிடவில்லை. அவன்மேல் குற்றம் சாட்டுகிறது. தான் பட்டதை நன்றாகத் தெரிந்தே பிறருக்குச் செய்தான் என்பது அந்தக் கடிதத்தால் உறுதியாகிறது. சிறுவயதுக் காட்சியைக் காரணமாகக் கொள்ளாமல் சாட்சியமாகக் கொள்ளும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தொலைக்காட்சியில் அரிது. சாட்சியம் என்றால் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது. இரு தரப்புக்கும் பயன்படக்கூடியது. தீர்ப்பு அதற்கு அப்பால் இருக்கிறது.

பால்யமே இல்லாதவர்களும் காலம் புரண்டவர்களும்

சுருக்கமாகச் சொல்லிக் கடக்க வேண்டிய இரண்டு சோதனைகள் உண்டு. ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆன சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, குழந்தை பெறவே அரசின் அனுமதி வேண்டிய எதிர்காலத்தில் நடக்கிறது. அதில் வாசகர் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த பாத்திரம் ஜீனோ என்னும் இயந்திர நாய். அதற்குச் சிறுவயது கிடையாது. படித்தும் பார்த்தும் சிந்தித்தும் ஓர் ஆளுமையாகிறது. கடந்தகாலக் காயம் இல்லாமல் ஒரு பாத்திரம் நம் அன்பைப் பெற முடியும் என்பதற்கு ஜீனோ போதும். ஜெர்மானியத் தொடரான ‘டார்க்’ (2017–2020) எதிர்த்திசையில் போகிறது. 2019-இல் காணாமல்போகும் சிறுவன் மிக்கேல் 1986-இல் போய்ச் சேர்ந்து, அங்கே வளர்ந்து, கதாநாயகன் யோனாஸின் தந்தையாகிறான். பிள்ளையின் சிறுவயதுக்குப் பிறகு தந்தையின் சிறுவயது வருகிறது. காரணமும் விளைவும் வட்டமாகிவிட, எது எதை உண்டாக்கியது என்ற கேள்வியே பிடி இல்லாமல் போகிறது. இவ்வகையின் பலவீனம், கணக்கின் வியப்பில் மனிதர் மறைந்துவிடுவது. முதல் பருவத்தில் ஒரு தாயின் தவிப்பாக இருந்தது, போகப்போக வம்சாவளிப் பட்டியலாகிவிட்டது.

மலையடியில் எழுந்த மறுகேள்வி

திருவண்ணாமலை தரும் இரண்டாம் விடை, கேள்வியையே திருப்பிக் கேட்கிறது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் 12 வயதில் தந்தையை இழந்தார். மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1895-இல் உறவினர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்ற பெயரைக் கேட்டுச் சிலிர்த்தார். பெரியபுராணம் படித்து உருகினார். 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று மரண அச்சம் கவ்வ, இறப்பு என்றால் என்ன என்று தம்முள் ஆராய்ந்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் பிறகு அவ்வூரை விட்டு நீங்கவில்லை. உலகம் அவரை இரமண மகரிஷி என்று அறிந்தது.

இன்றைய திரைக்கதையாசிரியர் ஒருவரிடம் இவ்வாழ்க்கையைக் கொடுத்தால், தந்தையின் மரணத்தைச் சிறுவயதுக் காட்சியாக வைத்து, 1896-ஐ அதன் எதிரொலியாக்கிவிடுவார். உளவியலாளர் சிலரும் அப்படி வாசிக்கக்கூடும். அது பொருத்தமற்றது என்று உறுதியாக மறுக்க வழியில்லை. ஆனால் இளவயதில் தந்தையை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பெரியபுராணம் படித்தவர்கள் எத்தனையோ பேர். மேற்சொன்ன ஒவ்வொன்றும் வரலாற்றில் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஜூலை நாள் விடையாகக் கிடைப்பதில்லை.

1901-ஐ ஒட்டிச் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களே ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. அதன் திசை, நினைவுகளும் வாசனைகளும் சேர்ந்த தொகுதியை ‘நான்’ என்று கொள்ளாதே, அந்த எண்ணங்கள் எவருக்கு எழுகின்றன என்று பார் என்பது. மேலைத் தத்துவத்தில் ஜான் லாக் 1694-இல், ஒருவர் அதே ஆளாக இருப்பது நினைவின் தொடர்ச்சியால்தான் என்ற கருத்தை முன்வைத்தார். 1785-இல் தாமஸ் ரீட் மறுத்தார்: முதிய தளபதிக்கு இளமையில் செய்த வீரச்செயல் நினைவிருக்கிறது, அந்த இளைஞனுக்குச் சிறுவயதில் வாங்கிய அடி நினைவிருந்தது, தளபதிக்கோ அந்த அடி நினைவில்லை, அப்படியானால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்களா? ‘லாஸ்ட்’ தொடரில் ஒரு பாத்திரத்துக்கே ஜான் லாக் என்று பெயர் வைத்தார்கள். பதிக்கப்பட்ட நினைவுகளைப் பற்றிய எல்லா அறிவியல் புனைவும் இந்த வழக்கின் கிளைதான். இரமணரின் பதில் லாக், ரீட் இருவருக்கும் வெளியே நிற்கிறது. ரேச்சலின் சிறுவயது பொய் என்று தெரிந்த பிறகும், அதை அறிந்து கலங்குகிற ஒருத்தி அங்கே இருக்கிறாளே, அவள் யார்?

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. கதை என்பது குறிப்பிட்ட ஒருவரைப் பற்றியது. பெயரும் ஊரும் காயமும் இல்லாத ‘நான்’ கதைக்கு இடம் தராது. மேலும், துன்புற்ற குழந்தையிடம் நினைவைக் கடந்து செல் என்று சொல்வது, துன்புறுத்தியவர்மீது நடவடிக்கை எடுக்காமல் இருக்கச் சாக்காகிவிடக்கூடாது.

இன்னும் தீராதவை

ஒற்றைக் காரணமாகச் சிறுவயதைக் காட்டும் வழக்கத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு குறைவு. கலை என்ற அளவிலும் அது விரைவில் வெளிறிவிடுகிறது. பல காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய கம்பனும், இரண்டு விளக்கங்களையும் சேர்த்து வைத்த ‘விடாது கருப்பு’ம் விவாதத்தைத் தொடரவிட்டதால் நிலைத்தன. இவ்வளவு சொல்லலாம். ஆனால் சாமி வருதலும் மனப்பிளவும் எங்கே பிரிகின்றன என்பது தீரவில்லை. குழந்தைகளின் வலியை மதித்தபடியே நினைவின் பிழையை எப்படிப் பேசுவது என்பதும் தீரவில்லை. இயந்திரங்கள் நம்மோடு பேசத் தொடங்கிவிட்ட காலத்தில், ஜீனோவைப் போல் பால்யமற்ற பாத்திரத்துக்கு எதை முன்கதையாக வைப்பது என்பது எழுத்தாளர்கள் முன் புதிதாக நிற்கிறது.

இன்னொன்று, பார்ப்பவர்களைப் பற்றியது. 1990களின் பிற்பாதியில் ‘விடாது கருப்பு’ பார்த்த சிறுவர் சிறுமியர் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். தொடர் இப்போது யூடியூபில் மீண்டும் பார்க்கக் கிடைக்கிறது. அவர்களுக்குத் தொடரே சிறுவயது நினைவாகிவிட்டது. அந்த நினைவும் பார்ட்லெட் சொன்னபடி கட்டப்பட்டதாகவே இருக்கும். இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மீண்டும் பார்க்க உட்காரும் முன், நினைவில் இருக்கும் காட்சிகளை ஒரு தாளில் எழுதித் தேதியிடுங்கள். எது சிறுவன் இராஜேந்திரனின் காலத்தில் நடந்தது, எது வளர்ந்தவனின் காலத்தில் நடந்தது என்றும் குறித்துவையுங்கள். பிறகு தொடரைப் பார்த்து ஒப்பிடுங்கள். அத்தகைய தாள்கள் சில நூறு சேர்ந்தால், தமிழில் இக்கேள்விக்கு முதல்நிலைத் தரவு கிடைத்துவிடும்.